பூட்டியிருந்த முப்பத்தொரு வீடுகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடது முழங்கால் ஒன்றுதான் சுகமில்லை, அது என்றைக்குச் சுகமாக இருந்தது, அதை விட்டுத் தள்ளு. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது, போனில் சொன்னால் எனக்குப் போதாது, போனில் நீ எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்கிற ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறாய், உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் நீ ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கினாயா என்று எனக்குப் பிடிபடும். போன மாதம் நான் வீட்டு விஷயத்தை ஆரம்பித்தவுடனே நீ குறுக்கே விழுந்து, "அந்தக் குடிசையக் கட்டிக்கிட்டு ஏம்மா அழற, குடுக்கிற ஃப்ளாட்ட வாங்கிக்கிட்டுப் போ, இல்லன்னா என்கூட வந்து இரு" என்று சொல்லிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உன் தம்பி மகள் சின்னவளின் நோட்டில் இருந்து நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முழுசையும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ போன பிறகு இந்த ஊர் எப்படி ஊதிப்போய்விட்டது என்று உனக்குத் தெரியாது. மில் சுவர் இருந்த இடத்தில் இப்போது ஆறு வண்டி ஒன்றாகப் போகிற ரோடு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருபது மாடி, அதற்குப் பின்னால் இன்னொரு இருபது மாடி, நடுவில் நம் சந்து பல் இடுக்கில் சிக்கின நார் மாதிரி கிடக்கிறது. முதல் கட்டிடத்தின் நாலாவது மாடிக்கு மணல் சுமந்தவள் நான். இப்போது அந்த நாலாவது மாடியில் ஒரு அம்மாள் நின்றுகொண்டு நம் சந்தைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறாள். பொத்தட்டும், அவள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறவளும் அவள் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவளும் நம் சந்துக்காரிகள்தான், ஒரு நாள் நாங்கள் போகாவிட்டால் அவள் பொத்த வேண்டியது அவள் சமையலறைக்குள்ளேதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்பு முழுவதற்கும் அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வீடு வீடாக வந்து கணக்கெடுத்தார்களே, அந்தப் பட்டியலில் இருக்கிறவர்களுக்கு அவரவர் இருக்கிற இடம் அவரவர் பேருக்கே, கூடவே சாக்கடையும் வீட்டுக்குள் குழாயும் கக்கூசும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு ஊருக்கு வெளியே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி அடுக்கு வீடு. அதைத்தான் நீ வாங்கிக்கொள் என்கிறாய். கால்வாய்க்கரையில் இருந்து போன வருஷம் அங்கே போன ஐஸ் வண்டிப் பெரியவரைக் கேள். ஒன்பதாவது மாடி கொடுத்தார்கள். ஐஸ் வண்டியை லிஃப்டில் ஏற்ற விடவில்லை, கீழே விட்டுவிட்டுப் போனால் விடிந்ததும் சக்கரத்தைக் காணோம், அங்கே ஐஸ் வாங்கவும் ஆள் இல்லை. இப்போது வாரத்தில் ஐந்து நாள் நம் குழாயடி நடைபாதையில்தான் படுத்துக்கிடக்கிறார், வீடு கிடைத்த மனுஷர். உன் தம்பிக்கு லோடு வேன் ஓட்டம் எல்லாம் இந்த மார்க்கெட்டைச் சுற்றி, உன் தம்பி பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்கு நடந்தே போய் வருகிறாள், சின்னவளைக் காலையில் காப்பகத்தில் விட்டால் சோறு போட்டுப் பாடமும் சொல்லிக்கொடுத்துச் சாயங்காலம் அனுப்புகிறார்கள், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் காப்பகத்து டீச்சர்தான். இதையெல்லாம் மூட்டை கட்டி ஒன்பதாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா சொல்.

அந்தப் பட்டியலைக் குழாயடியில் வைத்துப் படித்தவர் நம் சங்கத்துச் செயலாளர், அவர்தான் மைக்செட்டு, மைக் இல்லாமலே அவர் பேசுவது மூன்று சந்துக்குக் கேட்கும் என்று உங்கள் அப்பா வைத்த பேர், இன்னும் அதே பேர்தான். மற்ற சந்துகளைப் படித்தபோது ஆளாளுக்குப் பேர் வந்தது. நம் சந்து வந்ததும் முதல் வீடு பூட்டியிருந்தது, இரண்டாவது வீடு பூட்டியிருந்தது, மூன்றாவது பூட்டியிருந்தது என்று போய்க்கொண்டே இருந்தார், அந்தக் குரலே போகப் போக இறங்கிவிட்டது. முப்பத்திரண்டு வீட்டில் முப்பத்தொன்று பூட்டியிருந்தது, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டுக்குத்தான் பேர் இருந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி.

இப்போது உனக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். உனக்கு அப்போது பதினாலு வயது. கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் முந்தின நாள் சந்து முழுக்க ஓடி ஓடிக் கதவைத் தட்டி, நாளைக்கு ஒருத்தரும் வீட்டில் இருக்கக்கூடாது, பூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொன்னது மைக்செட்டு இல்லை, சங்கம் இல்லை, உன் அம்மாதான். ஏன் சொன்னேன் என்றால், அதற்கு முன்னால் நாங்கள் ரயில் பாதை ஓரத்தில் இருந்தோம், நீ கைக்குழந்தை, அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பேர் எழுதிக்கொண்டு போனார்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்து நின்றது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அதை இறக்கக்கூட விடவில்லை. எண்ணினால் இடிப்பார்கள் என்று அன்றைக்கு என் மண்டையில் ஏறியது இறங்கவே இல்லை. என் ஞாபகசக்தியை எல்லோரும் மெச்சுவார்கள், அந்த ஞாபகம்தான் முப்பத்தொரு வீட்டையும் கெடுத்தது. சந்தே பூட்டிக்கொண்டு மார்க்கெட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தபோது நீ கேட்டாய், "நாம என்னத்தம்மா திருடினோம், எதுக்கு ஒளிஞ்சிருக்கோம்?" என்று. உன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். நீ மறந்திருப்பாய், என் உள்ளங்கை மறக்கவில்லை.

அன்றைக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தவள் தையல்காரி ஒருத்திதான். பள்ளிக்கூடச் சீருடை நாற்பது தைத்துக் கொடுக்க வேண்டும், தொழிலை விட்டுவிட்டு ஒளிய முடியாது என்று சொல்லிவிட்டாள். கணக்கெடுக்க வந்த பெண்ணுக்குத் தண்ணீரும் கொடுத்து, பேரும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நான் திரும்பி வந்து பார்த்தேன், அவள் வாசலில் சாக்கட்டியால் ஒரு எண் எழுதியிருந்தது. காட்டிக் கொடுத்தவள் என்று அன்றைக்கே சந்து நடுவில் நின்று கத்தினேன். அதோடு பேச்சு நின்றது, பதினெட்டு வருஷம். அதற்கு முன்னால் மட்டும் கொஞ்சிக் குலாவினோமா என்று கேட்பாய், இல்லைதான். அவள் வீட்டுக் கூரைத் தகரம் ஒரு சாண் நம் வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்து என் வலது கைப் பெருவிரலைக் கிழித்ததே, அதில் ஆரம்பித்த சண்டை. வார்டு ஆபீஸில் அவள் மேல் மனு போட்டேன். தகரத்துக்கு ஒன்று, சாக்கடைத் தண்ணீரை நம் பக்கம் திருப்பியதற்கு ஒன்று, குழாயில் வரிசை தாண்டியதற்கு இரண்டு, அவள் கோழிக்கு மூன்று, அந்தக் கணக்கெடுப்புக்கு முன்னாலேயே ஏழு ஆகிவிட்டது. அப்போது எனக்குக் கையெழுத்துத் தெரியாது, தபால் ஆபீஸ் வாசலில் இருந்தவர் எழுதித் தருவார், நான் கைநாட்டு வைப்பேன், சாட்சிக்கு என் பக்கத்து ஆட்களும் வைப்பார்கள். அவளும் சும்மா இருந்தாளா, அப்போதே என் மேல் திருப்பி ஒன்று போட்டாள், நம் வீட்டு அம்மிச் சத்தத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லையாம்.

பட்டியல் படித்த அன்றைக்கு மைக்செட்டு சொன்னார், அந்தக் கணக்கெடுப்புக்கு முன்னாலேயே இங்கே இருந்தோம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதாவது ஒரு தாள் வேண்டும், அரசாங்க முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும், இருபது நாள்தான் அவகாசம் என்று. யாரிடம் இருக்கிறது தாள்? கால்வாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்த வருஷம் எல்லோர் தாளும் கூழாகிப் போயிற்று, அவள் வீட்டுக்கு மட்டும் இரண்டு படி உயரம். ஆபீஸில் கேட்டால் இடம் மாறும்போது பழைய காகிதக் கட்டையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்கிறார்கள், அதைச் சொல்ல அவர்களுக்கு வெட்கமும் இல்லை. சந்தே என்னைப் பார்த்தது. வாயைத் திறந்து ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் தண்ணீர் பிடிக்கும்போது எனக்கு உறைத்தது, அந்தக் காலத்தில் வார்டு ஆபீஸ் எழுத்தர் ஒரு மனுவையும் நேரில் வந்து விசாரித்ததில்லை, முத்திரையைக் குத்தி, ஒரு நகலை எடுத்து, இதற்கு உன் பதில் என்ன என்று எதிராளிக்கே அனுப்பிவிடுவார். அப்படியென்றால் என் மனு ஏழும் போய்ச் சேர்ந்த இடம் தையல்காரி வீடு.

அவளுக்கு நம்மால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அவள் பேர் பட்டியலில் இருக்கிறது, சந்தில் முப்பத்தொரு வீடும் போனால் அவளுக்கு வெளிச்சமும் காற்றும் மிச்சம். இருந்தாலும் போனேன். காலை ஏழு மணி, குழாயில் கூட்டம், நான் தெருவைக் கடந்து அவள் வாசல் பக்கம் திரும்பியதும் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் மிஷினில் இருந்து காலை எடுக்கவில்லை, தலையையும் தூக்கவில்லை. "என்ன, வழி தப்பிருச்சா?" என்றாள். வழி தெரிந்துதான் வந்தேன் என்றேன். "பதினெட்டு வருஷமா இந்தப் பக்கம் திரும்பாத கழுத்து, இன்னைக்குச் சுளுக்கு விட்டுருச்சாக்கும்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அப்படியே திரும்பியிருப்பேன், சின்னவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதனால் நின்றேன். மனு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அவள் சொன்னது, "தரேன். ஆனா அன்னைக்கு எங்க நின்னு கத்தினியோ அங்கயே நின்னு சொல்லு, கதவத் திறந்தவ தப்பு செய்யலன்னு. மெதுவா சொன்னா எனக்குக் கேக்காது, மிஷின் சத்தத்துல காது போச்சு."

உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும், நான் யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை, உங்கள் அப்பாவிடம்கூட. குழாயடிக்குப் போய்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், பூட்டச் சொன்னவள் நான், பயத்தில் சொன்னேன், அவள் திறந்தது சரி, நாங்கள் பூட்டியதுதான் தப்பு, காட்டிக் கொடுத்தவள் என்று அவளைச் சொன்னதும் தப்பு என்று. மைக்செட்டே இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார் என்றால் சத்தத்தைப் பார்த்துக்கொள். அப்புறம் கடைசி வீட்டுக் கிழவர், "அம்மாடி, பூட்டினது நாங்களுந்தான், உன் ஒருத்தி கையிலயா முப்பத்தொரு சாவியும் இருந்துச்சு?" என்றார். அந்த மனுஷர் ஒரு தடவை என் வாளியைத் தள்ளிவிட்டு முன்னால் போனார், அதை அன்றைக்கு மன்னித்துவிட்டேன்.

அவள் மிஷினுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். என் மனு அத்தனையும், அவள் என் மேல் போட்ட மனுவில் முத்திரை குத்தி அவளுக்குக் கொடுத்த நகலும், தேதி வாரியாக, ஒரு மடிப்புக்கூடக் கசங்காமல் இருந்தது. சின்னவள்தான் பெருவிரல் பெருவிரலாகத் தொட்டு எண்ணினாள். நான் போட்ட சாக்கடை மனுவில் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு வீட்டுக் கைநாட்டு. மிச்சம் ஒன்பது வீடு அந்தக் காலத்தில் அவள் கட்சி, அவர்கள் அவள் மனுவில் என் மேல் சாட்சி வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டும் ஒன்பதும் முப்பத்தொன்று. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாமல் இருந்திருந்தால் இந்தச் சந்துக்கு ஆதாரமே கிடையாது பார். எதற்கடி என் மனுவை எல்லாம் இப்படிப் பத்திரமாக வைத்திருந்தாய், என்றைக்காவது என் மேல் திருப்பிப் போடவா என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "எனக்குன்னு வீடு தேடி வந்த கடுதாசி அதுங்கதான். வேற யாரு எனக்கு எழுதினாங்க?" என்றாள்.

விசாரணைக்கு எல்லோரும் போனோம். அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், மரியாதையாகத்தான் பேசினாள். என் பெருவிரலை ஒரு சின்ன மிஷினில் வைக்கச் சொன்னாள், மூன்று தடவை வைத்தேன், மற்றவர்களுக்குப் பச்சை காட்டினது எனக்கு மூன்று தடவையும் சிவப்பு. செங்கல்லும் சிமெண்டும் என் ரேகையை எப்போதோ தின்றுவிட்டது, முதியோர் உதவி வாங்கப் போகும்போதும் இதே பாடுதான். "அப்ப இந்தக் கைநாட்டு உங்களோடதுதான்னு நான் எப்படிம்மா எழுதறது?" என்றாள். பின்னால் இருந்து தையல்காரி எழுந்து வந்தாள். "அதுல குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போகும் பாருங்க மேடம். என் வீட்டுத் தகரம் கிழிச்ச கோடு. அதுக்குத்தான் எம்மேல மொத மனு" என்று சொல்லி என் கையைப் பிடித்து மேஜை மேல் வைத்தாள். அதிகாரி தாளையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள், கோடு இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே சாய்வாகப் போயிற்று. மிஷினுக்குப் பிடிபடாதது மனுஷக் கண்ணுக்குப் பிடிபட்டது. "நீங்க ரெண்டு பேரும் சண்டைக்காரங்களா, சாட்சிங்களா?" என்று சிரித்தாள். சண்டைக்காரி எனக்காகப் பொய் சொல்லுவாளா மேடம், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்கு ஏன் பூட்டியிருந்தது என்று கேட்டதற்கும் மழுப்பவில்லை, நடந்ததை அப்படியே சொல்லி அவர்கள் எழுதின தாளில் என் கையெழுத்தைப் போட்டேன், கைநாட்டு இல்லை, கையெழுத்து.

போன புதன்கிழமை முத்திரையோடு உத்தரவு வந்தது, முப்பத்தொரு வீடும் சேர்ந்தாயிற்று. அடுத்த நாளே பெயிண்டுக்காரர் வந்து கதவு கதவாக எண் போட்டார். நமக்குப் பதினேழு, அவளுக்குப் பதினெட்டு. என்னைவிட ஒன்று அதிகம் அவளுக்கு, இதற்கு ஒரு மனு போடலாமா என்று யோசித்தேன், உன் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான், விட்டுவிட்டேன். குழாயும் சாக்கடையும் மழைக்கு முன்னால் வந்துவிடும் என்கிறார்கள், வராவிட்டால் எங்கே போய் யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியும், இனிமேல் மனுவை நானே எழுதுவேன். அதனால் நான் ஃப்ளாட்டுக்கும் போகவில்லை, உன்னிடத்துக்கும் வரவில்லை. நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா, வீட்டுக்குள்ளேயே குழாயைத் திறந்து காட்டுகிறேன். அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்கும் பதில் இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், நாம் ஒன்றும் திருடவில்லை மகளே, ஒளிந்திருக்கவே கூடாது. அந்த அடிக்கு என்னை மன்னித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே, பெரியவனைப் படி படி என்று நச்சரிக்காதே, நம் பாஷையில் அவனிடம் பேசு, இல்லாவிட்டால் என் சண்டை எதுவும் அவனுக்குப் புரியாமல் போய்விடும். மாப்பிள்ளையின் அக்கா உன் கல்யாணத்தில் என்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்ததை நான் மறக்கவில்லை, இருந்தாலும் கேட்டேன் என்று சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாழ வேண்டும், அதுதான் அம்மாவின் வாழ்த்து.

ஒன்றை மறந்துவிடாதே. பதில் எழுதும்போது இன்னொரு உறையில் தனியாக ஒரு கடிதம், நாலு வரி போதும், பதினெட்டாம் எண் வீட்டுக்கு அவள் பேருக்கே போடு, என் உறைக்குள் வைத்து அனுப்பாதே, தபால்காரர் அவள் கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டும், நான் ஜன்னலில் இருந்து பார்க்க வேண்டும். நான் சொல்லி எழுதினாய் என்று அதில் எழுதிவிடாதே. சமாதானம் ஆகிவிட்டோம் என்றும் நினைத்துக்கொள்ளாதே, அந்தத் தகரம் இன்னும் ஒரு சாண் வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் டீக்கடை மேற்பார்வை என்று கடை விலாசத்தைத்தான் போட்டு வந்தேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் விலாசத்தை நானே எழுதுகிறேன், நீயும் இனி இதற்கே எழுது.

உன் அம்மா,
கதவு எண் 17, குழாயடிச் சந்து.